பயந்த கோளாறு

1994 ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குறுக்குத்துறை போகும் வழியில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அது தத்து அல்ல. பிள்ளைகள் இல்லம் ஒன்று, ஒத்துப்போனால் வளர்க்கட்டும் என்று எங்களிடம் விட்டிருந்தது.

1992 ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி பெருகியபோது, அவளுடைய அம்மா அவளைப் பள்ளிக்கூட மாடியில் ஏற்றிவிட்டு, "இங்கனயே இரு, தம்பியத் தூக்கிட்டு வந்துருதேன்" என்று இறங்கிப் போயிருக்கிறாள். இருவரும் திரும்பவில்லை.

நூலகத்தில் கிடைத்த உளவியல் நூல்களை எல்லாம் படித்திருந்தேன். குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு ஒரு பிள்ளை ஏன் மேசை மேல் ஏறி நிற்கிறது என்பதற்கு அவற்றில் பெயர் இருந்தது, வழி இல்லை. வழி சொன்னவர், சனிக்கிழமைதோறும் வந்த ஆலோசகர் அம்மா. கல்லூரியில் சமூகப்பணி கற்பித்தவர். பிள்ளையோடு தாயம் ஆடிவிட்டு எங்களோடுதான் அதிகம் பேசுவார். "எது செஞ்சாலும் முன்கூட்டியே சொல்லிட்டுச் செய்யுங்க. திடீர்னு எதுவும் வேண்டாம்" என்றார்.

அதனால், "குழாயைத் தொறக்கப் போறேன்", "விளக்க அணைக்கப் போறேன்" என்று நானும் கணவரும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள ரேடியோ ஸ்டேஷனா வச்சிருக்கிய?"

அவள் நல்லவள். ஆவணியில் ஒருநாள், நான் அலுவலகத்தில் இருந்தபோது, தன் பிள்ளைகளுக்குச் செய்ததையே இவளுக்கும் செய்தாள். "இது பயந்த கோளாறுக்கா. மந்திரிச்சுத் தண்ணி அடிச்சா ஓடிரும்" என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். பிள்ளை எதிர்பாராத நேரத்தில் அடித்தால்தான் பயம் தெறித்து ஓடும் என்பது அதன் முறை. மந்திரித்த தண்ணீர் முகத்தில் அறைந்ததும் ஓடியது பிள்ளைதான். மாலையில், ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் மேல் அடுக்கில் கம்பியைப் பிடித்தபடி நின்றவளைக் கணவர் கண்டுபிடித்தார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் பிள்ளைகள் இல்லத்தின் தலைவி. அன்றிலிருந்து கதவுச் சத்தம் கேட்டாலே, பிள்ளை இருக்கிறாளா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

தீபாவளி கழிந்த வாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மதியம் தெருவில் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு வந்தது. பாபநாசம் அணை நிரம்பிவிட்டது, கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும் என்றது. நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் பிள்ளையைக் காணோம்.

கணவர் செருப்புக்கூடப் போடாமல் பாலத்தை நோக்கி ஓடினார். நான் புறவாசலுக்குப் போனேன். கொத்தனார் விட்டுப்போன மூங்கில் ஏணி, தட்டட்டிச் சுவரில் சாய்ந்திருந்தது. அந்த மொட்டைமாடிக்குப் படி கிடையாது. உயரம் என்றால் நடுங்குகிறவள் நான். சேலையை இழுத்துச் செருகி, "ஏறி வாரேன்ட்டி" என்று கத்திக்கொண்டே ஏறினேன். பாதியில் கால் வழுக்கியது. மேலிருந்து ஒரு சின்னக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

அவள் நனைந்து விறைத்திருந்தாள்.

"தண்ணி வருமா அத்தை?"

"தெரியலம்மா."

"மாமா எங்க?"

"உன்னயத் தேடிப் பாலத்துக்குப் போயிருக்காவ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கீழே தேடிப் போனவர்கள் திரும்பி வந்து அவள் பார்த்ததே இல்லை. அவள் ஏணியை நோக்கிப் பாய்ந்தாள். இடுப்போடு கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். விடவில்லை. தெருமுனையில் சாக்கடை பொங்கி, வீட்டு வாசல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் வராவிட்டால் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

வந்தார். முழங்கால் தண்ணீரில், எங்களைப் பார்க்காமலே வீட்டுக்குள் நுழையப் போனவரைக் கண்டதும் அவள் அலறினாள். "மேல வாங்க! மேல வாங்க மாமா!"

இருட்டும்வரை மூவரும் மேலேயே நனைந்தோம். தண்ணீர் எங்கள் வாசற்படியோடு நின்றது.

பிள்ளை காணாமல் போனதைக் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை தலைவி வந்துவிட்டார். "எங்ககூட வந்துருதியாம்மா?" என்றார்.

"மழ விடட்டும். அத்தைக்கு ஏணி ஏறவே தெரியல. மாமா கீழயே சுத்துதாவ."

தலைவி சிரித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். எனக்கும் உயிர் வந்தது. சனிக்கிழமை இதைக் கேட்ட ஆலோசகர் அம்மா சிரிக்கவில்லை. "உங்க ரெண்டு பேரையும் காப்பாத்துத வேலையும் இப்போ அவ தலையில ஏறிட்டு" என்றார்.

"ஏணிய எடுத்துரவா?"

"வேண்டாம். நீங்க ஏறிப் பழகுங்க."

மறுநாள் காலை, மழை விட்டிருந்த நேரத்தில் ஏறினேன். கீழே அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நின்றாள்.