ராஜதுரையின் வலது கால்

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியே தலை நரைத்தவர் ராஜதுரை. கண்டெய்னரும் நிலக்கரியுமாக வாழ்க்கையின் பெரும்பகுதி ஓடிவிட்டது. இனி இடுப்பு தாங்காது என்று ஆனபோது, காயல்பட்டினத்தில் சம்சுன்னிசா வீட்டு வேனுக்கு டிரைவராக வந்து சேர்ந்தார். சம்சுன்னிசாவின் கணவர் துபாயில் இருந்தார். வீட்டில் அந்த அம்மாவும் கல்லூரியில் படிக்கிற மகள் ஆஃபியாவும் மட்டும்தான். காலையில் ஆஃபியாவையும் அதே தெருவில் இன்னும் சில பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடியில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட வேண்டும். வேன் பழையது. ஆனாலும் இந்த வேலை ராஜதுரைக்குப் பிடித்திருந்தது. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற தெரு அது. ராஜதுரை அண்ணாச்சி ஓட்டுகிறார் என்றால் தாய்மார்கள் நிம்மதியாக உள்ளே போய்விடுவார்கள். அந்த மதிப்பை அவர் சம்பளத்தைவிடப் பெரிதாக நினைத்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதை மறைக்கவில்லை, டீக்கடையில் சீனி வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லுவார். அவர் மறைத்தது வலது காலை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு அந்த உணர்வும் நின்றுவிட்டது. ஒரு நாள் கடைத்தெருவில் வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த யாரோ எடுத்துவந்து கொடுத்தார்கள். வீட்டில் மனைவி வடிவம்மாளிடம், செருப்பு வார் லூசாகிவிட்டது என்று சொல்லி வேறு செருப்பு வாங்கிக்கொண்டார்.

வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிடுவது அவர் வழக்கம். வெறுங்கால் பெடலில் பட்டால்தான் வண்டி கைக்குள் இருக்கிற மாதிரி இருக்கும் என்பார். இப்போது பெடல் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்பதே மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் பழகிய கால், தானாகப் போய் அமர்ந்துகொண்டது. எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கண்ணால் தெரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார். முன்கண்ணாடியில் ஆஃபியா கட்டிவிட்ட பச்சைக் குஞ்சம் ஒன்று தொங்கியது. பிரேக் போட்டால் அது எவ்வளவு முன்னால் சாய்கிறது என்று பார்த்துக்கொள்வார். இப்படியே பல மாதங்கள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார்.

மழைக்காலம் முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில்தான் ஆஃபியா அந்தப் பேச்சை எடுத்தாள். முக்காணிப் பாலத்தைத் தாண்டி வேகம் குறைந்தபோது, பிரேக் போட்டால் பின்சீட் குலுங்குகிறது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடுப்பு உதறுகிறது என்றாள். மற்றப் பிள்ளைகளும் ஆமாம் என்றார்கள். குறை சொல்லுகிற தொனி அதில் இல்லை. ஆனால் ராஜதுரைக்கு முதுகு வியர்த்துவிட்டது. டிரெய்லர் குலுக்கலுக்குப் பழகிய அவருக்கு எதுவும் தெரியவில்லை. பெடல் சும்மா இருந்தது, கால் சும்மா இருந்தது. அப்படியானால் இந்த உதறல் தன் காலில்தான் என்று அவர் முடிவு கட்டினார். மரத்துப்போன கால் நடுங்குகிறது, பெடலை விட்டு விட்டு அழுத்துகிறது, தனக்குத் தெரியாமலே பிள்ளைகளைக் குலுக்குகிறது. வேறு என்ன இருக்க முடியும்?

சம்சுன்னிசா மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். ஆறுமுகநேரியில் அய்யாக்குட்டி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள். அந்தத் தெருவின் வண்டிகள் பாதி அவரிடம்தான் போகும். அவர் முதலில் கேட்டதே உதறல் எங்கே தெரிகிறது என்றுதான். ஸ்டியரிங்கிலா, பெடலிலா, சீட்டிலா?

ஆஃபியா சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் போதும். ஆனால் ராஜதுரைக்குக் கால் பக்கம் பேச்சு வருவதே பயமாக இருந்தது. காலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் குற்றத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

“ஸ்டியரிங்லதான் ஆடுது தம்பி.”

ஸ்டியரிங் ஆடினால் குறை முன்சக்கரத்தில் என்று அர்த்தம். அய்யாக்குட்டி முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் கழற்றி, பட்டறையிலேயே இருந்த லேத்தில் போட்டுக் கடைந்து மாட்டினார். ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சாவியை ராஜதுரையிடமே கொடுத்தார். டிரெய்லர் ஓட்டிய மனுஷனைவிடத் தனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற மரியாதை. ராஜதுரை ஒரு சுற்று போய்விட்டு வந்து, இப்போது நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தது.

சில நாட்களில் பிள்ளைகள் மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை அய்யாக்குட்டி முன்பக்கம் புது டிஸ்க்கும் அதைப் பிடிக்கிற புது பிரேக் பேடும் போட்டார். மறுபடியும் ராஜதுரை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்றார். அடுத்த வாரமே ஆஃபியா வீட்டில் போய், உம்மா, வண்டி அப்படியேதான் இருக்கு என்றாள்.

சம்சுன்னிசாவுக்குக் கோபம் வந்தது. ராஜதுரை மேல் இல்லை. ஆம்பளை இல்லாத வீடு என்று அந்த மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்று ராஜதுரையிடமே சொன்னார். பக்கத்து வீடுகளிலும் சொன்னார். ராஜதுரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.  அன்று வீட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உடம்புக்கு என்ன செய்கிறது என்று வடிவம்மாள் கேட்டதற்கு, வெயில் என்றார்.

அந்தத் தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போக ஆரம்பித்தன. காரணம் அய்யாக்குட்டியின் காதுக்கும் எட்டியது. அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ராஜதுரையைக் கைகாட்டி நிறுத்தி, ஒரே ஒரு தடவை தானும் கூட வருவதாகச் சொன்னார். கூலி வேண்டாம், என் பெயர் கெட்டுப்போனது, அதற்காக என்றார். மறுக்க ராஜதுரைக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முதலில் பட்டறைக்குள் வண்டியை விட்டு, இருவரும் இறங்கி முன்சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். ராஜதுரை வண்டியில் கழற்றிப்போட்ட செருப்பை மாட்டாமல் வெறுங்காலோடு நின்றார். முன்பக்கம் எந்தக் குறையும் இல்லை.

பிறகு ரோட்டுக்குப் போனார்கள். ராஜதுரை ஓட்டினார், அய்யாக்குட்டி பக்கத்தில். இரண்டு பக்கமும் உப்பளம், ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ரோடு. வேகம் எடுத்து பிரேக் போடச் சொன்னார். ராஜதுரை குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். வண்டி வேகம் குறைந்துகொண்டே வந்தது.

“இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“இப்ப நல்லாத்தான இருக்கு.”

 ஆனால் அய்யாக்குட்டிக்குச் சீட்டுக்கடியில் யாரோ இடிப்பது போல இருந்தது. அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். கால் வைத்திருந்த பெடல், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. பெடலின் ரப்பரில் ரத்தம் இருந்தது.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். ராஜதுரையின் உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு இரும்புச் சுருள் ஏறியிருந்தது. பட்டறைத் தரையில் கிடந்த லேத்துச் சீவல். அதை மிதித்து, அதோடு ஏறி உட்கார்ந்து, அதைப் பெடலில் அழுத்தி அழுத்தி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

“வலிக்கலியா?” என்று கேட்டார் அய்யாக்குட்டி.

ராஜதுரை தன் காலை, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். இனிச் சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சமில்லை.

“ரொம்ப நாளா தெரியாது தம்பி. உதறுறது எங்காலுன்னுதான் நெனச்சேன்.”

அய்யாக்குட்டி அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ராஜதுரை பின்னால் பல தடவை நினைத்ததுண்டு. அய்யாக்குட்டி சீவலைப் பிடுங்கி, தன் தோள்துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். அவரைப் பக்கத்துச் சீட்டுக்கு மாற்றி உட்காரவைத்துவிட்டுத் தானே ஓட்டினார். மெதுவாகப் போகும்போது பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட்பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வண்டியின் பின்பாகம் மூச்சு வாங்குவது போல விம்மி விம்மி அடங்கியது. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும்தான். முன்பக்கத்தில் குறையே இருந்திருக்கவில்லை.

பட்டறையில் பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது எல்லாம் தெரிந்தது. கடலுக்குப் பக்கத்து வீடு. மழை விடுமுறை முழுக்க வண்டி ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்றிருக்கிறது. பிரேக் கட்டை ஒட்டியிருந்த இடம் தப்ப, மற்ற இடமெல்லாம் உப்புக்காற்றில் துரு அரித்து டிரம் மேடும் பள்ளமுமாகிவிட்டிருந்தது. வட்டம் வட்டமாக இல்லை. ராஜதுரையின் கால் ஒன்றையும் குலுக்கவில்லை. உதறல் சீட்டில் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் வேலை.

தப்பு தன் காலில் இல்லை என்று தெரிந்தபோது ராஜதுரைக்கு நிம்மதி வரவில்லை. இல்லாத குற்றத்தை மறைக்கப் பொய் சொல்லி, இருக்கிற குற்றத்தை அத்தனை பிள்ளைகளோடும் தினமும் ரோட்டில் ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆத்தூர்க் கடைத்தெருவில் குறுக்கே ஓடிய ஆடுகள், பாலத்தின் மேல் எதிரே வந்த லாரிகள், பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள், ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

டிரம்மைக் கடைந்து மாட்டியதும், அன்று சாயங்காலம் அய்யாக்குட்டியே கல்லூரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ராஜதுரை பக்கத்துச் சீட்டில், கட்டுப்போட்ட காலோடு. காயல்பட்டினத்தில் பிள்ளைகள் இறங்கிப் போனபின், வாசலுக்கு வந்த சம்சுன்னிசாவிடம் அய்யாக்குட்டி டிரம் விஷயத்தை மட்டும் சொன்னார். மீதியை அவர் சொல்லப் போவதில்லை என்று ராஜதுரைக்குத் தெரிந்தது. விட்டுவிட்டால் அப்படியே போய்விடும். ஒரு கணம் அதற்கும் ஆசைப்பட்டார். பிறகு தானே வாயைத் திறந்து, கால் மரத்தது, பொய் சொன்னது, மெக்கானிக் மேல் பழி விழுந்தபோது வாய்மூடி நின்றது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார்.

சம்சுன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எம் புள்ளைய உள்ள வச்சுக்கிட்டா அண்ணாச்சி இப்படி ஓட்டுனிய?”

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ராஜதுரை சாவியை வாசல்படியில் வைத்தார். கையில் கொடுக்கத் துணிவு வரவில்லை. அந்த அம்மா அய்யாக்குட்டியின் பக்கம் திரும்பி, தான் பேசியது தப்பு என்றார்.

ஆனால் ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்டால் தெருவுக்குள் போன பேச்சு திரும்பி வந்துவிடாது. இரண்டு நாள் கழித்து ராஜதுரை தனியாக பஸ் ஏறிக் காயல்பட்டினத்துக்குப் போனார். அய்யாக்குட்டியைப் பற்றிப் பேச்சு போன வீடுகள் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த ஆள் மேல் குற்றமில்லை, பொய் சொன்னது நான் என்று சொன்னார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் காலைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. சிலர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில், தன் மகளும் அந்த வண்டியில்தானே போனாள் என்று ஒரு தாய் அழுதே விட்டாள். அந்த அழுகையை அவர் நின்று கேட்டார். வண்டிகள் அய்யாக்குட்டியிடம் திரும்பின.

பெரியாஸ்பத்திரிக்கு வடிவம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் நரம்பால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். பக்கத்தில் மனைவி நிற்பது ராஜதுரைக்குத் தெரியும். தெரியுது என்று சொல்லிவிட நாக்கு பரபரத்தது. “தெரியல,” என்றார். டாக்டர் இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் தெரியல என்றார். கண்ணைத் திறந்தபோது வடிவம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

காயம் ஆற நாளானாலும் கால் தப்பியது. வண்டி ஓட்டுவதை அவர் அதோடு விட்டுவிட்டார். இப்போது பழையகாயல் பக்கம் ஒரு உப்புக் குடோனில், லோடு ஏற்ற வருகிற லாரிகளை வரிசைப்படுத்தி உள்ளே விடுகிற வேலை. கல்லூரி விடுகிற நேரம் வந்தால் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். அந்த வேன் அந்த ரோட்டில்தான் திரும்பும்.

ஒரு சாயங்காலம் மூட்டை மறைவில் நின்றவருக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேன் நிற்கிற சத்தம் கேட்டது. ஆஃபியா இறங்கி உள்ளே வந்து பெயர் சொல்லி விசாரித்தாள். வேறு வழியில்லாமல் வெளியே வந்தார். கால் எப்படி இருக்கிறது என்று உம்மா கேட்கச் சொன்னார்கள் என்றாள். ஆறிவிட்டது என்றார்.

“வண்டி இப்ப உதறவே இல்ல அண்ணாச்சி.”

“சரி பாப்பா,” என்றார் ராஜதுரை.  அவளுடைய முகத்தைப் பார்க்காமலே, அவள் ரோட்டைக் கடந்து வேனுக்குப் போக லாரிகளை நிறுத்திக் கொடுத்தார்.