பன்விலைக்குக் கொண்டுபோன ஜெர்மன் கெமரா

என்னிடம் ஜெர்மன் கெமராக்கள் ஆறு இருக்கின்றன. எல்லாம் ஃபிலிம் போடுகிற பழையவை, உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. கண்டியில் நான் வேலை பார்த்த வீட்டு அம்மா வெளிநாடு போகும்போது முதலாவதைக் கொடுத்தார். மற்றவற்றைப் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்கினேன். ஆட்கள் பார்க்கப் படம் எடுக்க எனக்குக் கூச்சம். பெரிய கெமரா என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். இது சேலைத் தலைப்புக்குள் இருந்துவிடும். இந்த ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று, வெயில் வந்தால் ஆறையும் ஜன்னலோரம் வைத்து, ஒவ்வொன்றாக அமுக்கி அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதிலேயே பொழுது போய்விடும்.

பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் என் அக்காவை மட்டும் எடுக்க முடியவில்லை. கெமராவைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். அவளுக்கென்று இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் யாரையோ அடிக்கப் போவது போல முறைத்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு ஒன்று ஆனால் அதைத்தானே பெரிதாக்கி மாலை போடுவார்கள் என்று எனக்குக் கவலை.

போன பொங்கலுக்கு, கடைசியாக வாங்கிய கெமராவோடு போனேன். என்ன நினைத்தாளோ, அக்கா வாசல் கல்லில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, எடுத்துத் தொலடி. ஒன்னுதான். அப்புறம் கேக்கக் கூடாது."

இந்தக் கெமராக்களில் தூரத்தை நாமே மதிப்பிட்டு, லென்ஸ் வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும். நானும் கொழுந்து பறித்தவள்தான். செடிக்குச் செடி நாலடி என்பது என் கணக்கு. அக்கா இரண்டு செடி தூரத்தில் இருந்தாள். வளையத்தை எட்டில் வைத்தேன்.

"என்னாடி, துப்பாக்கியா புடிக்கிற?" என்று அவள் சிரித்த நேரம் பார்த்து அமுக்கினேன்.

படம் கழுவி வந்தது. அக்கா புகை மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஆடு மயிர் மயிராகத் தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் கெமராவை வாங்கிப் பார்த்தார்.

"இதுல போட்டிருக்கிறது அடி இல்லம்மா, மீட்டர்."

என்னுடைய மற்ற ஐந்திலும் அடிதான்.

ஒன்றுதான் என்று சொன்னவளிடம் எப்படிக் கேட்பது? படத்தையும் கெமராவையும் எடுத்துக்கொண்டு மறுபடி பன்விலைக்குப் போனேன். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்டி, என்னைய உக்கார வச்சிட்டு ஆட்டயா எடுத்த? குடுத்துரு, ஆட்டுக்காரி மாட்டி வச்சுக்கட்டும்."

லயமே சிரித்தது. கெமராவைப் பிடித்தபடி நின்றேன். அக்கா எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். ஆட்டை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டிவிட்டு, கல்லில் உட்கார்ந்தாள்.

"நிக்கிறியே, எடு! இந்தத் தடவையாவது நான் ஆட்டவிட நல்லா வரணும். கோணலா எடுத்தியோ..."

வளையத்தை இரண்டரை மீட்டரில் வைத்து, அவள் பேசி முடிக்குமுன் அமுக்கிவிட்டேன். படத்தில் வாய் திறந்தபடிதான் விழுந்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாளாம்.