பின்னோக்கிப் பவனி போனவர்

கஸ்பரே கவைக்கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மகள் ஆகதா லேசர் கருவியைத் தரையில் வைத்துக் சந்து முனையில் குறுக்கே போன கம்பியின் உயரம் பார்த்தாள். நான்கு மீட்டர் அறுபத்திரண்டு. பவனிப் பல்லக்கில் நிற்கும் ஊர்ப் புனிதர் சான் ரோக்கோ சுரூபத்தின் கிரீடம் நான்கு எழுபது.

"எட்டு சென்டிமீட்டர் இடிக்குதுப்பா."

"இது காலைக் கணக்கு. வெயில் ஏறினா இன்னும் நாலு விரல் தொங்கும். உன் மெஷினுக்கு வெயில் தெரியுமாடி?"

தெரியாது. அப்பா சொல்வது சரி என்று பொறியாளரான அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டுப் பவனியில் ஊரே முன்னோக்கி நடக்கும். கஸ்பரே மட்டும் பின்னோக்கி. சுரூபத்தின் முகத்தைப் பார்த்தபடியே நடந்து, குறுக்கிடும் டெலிபோன் வயர்களைக் கோலால் தூக்கிவிடுவார். முப்பத்தொரு வருடம். தெருக்கல் ஒவ்வொன்றும் அவர் குதிகாலுக்குப் பாடம். மற்ற நாட்களில் மீன் சந்தைக்கு ஐஸ் உடைப்பார். அங்கும் யாராவது கூப்பிட்டால், திரும்பாமல் பின்னாலேயே நடந்து வந்து நிற்பார்.

பவனிக்கு முந்தைய வாரம் வழிநெடுகக் கதவு தட்டுவார். "மகாராசி, உன் புருசன் ஜட்டிய சான் ரோக்கோ தலையில மாட்டிராத. கொடிய அவுரு!"

ஒரு கதவை மட்டும் தட்டமாட்டார். ஏழு வருடம் முன்பு, பவனியில் அவர் மல்லாந்து விழுந்தது முடிதிருத்தும் துரியின் வாசலில். "நண்டு கவுந்துருச்சுடோய்!" என்று துரி சிரித்தார். அன்றோடு பேச்சு நின்றது. கஸ்பரே பக்கத்து ஊரில் போய் முடி வெட்டிக்கொண்டார்.

பிறகு துரி சந்து முனையில் திராட்சைக்கொடிக்காக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிதான் இது. கோலுக்கு அசையாது. அதனால் பவனி இப்போது சந்துக்குள் நுழைவதில்லை. உள்ளேதான், இரண்டு வருடமாகப் படுக்கையிலிருக்கும் கஸ்பரேயின் மனைவி வின்சென்ஸாவின் ஜன்னல்.

"நான் சான் ரோக்கோவைப் பாக்காட்டியும் போகுது. இந்த வருசமாவது அவர் என்னைப் பாக்கட்டும்" என்றார் வின்சென்ஸா.

"நாளைக்கு அவன்கிட்டக் கேக்கறேன்" என்றார் கஸ்பரே. மறுநாளும் அதையே சொன்னார். வியாழன் மதியம் ஐஸ் கிடங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பவனிக்கு நான்கு நாள் இருக்க, ஆகதா கவைக்கோலைத் தேடினாள். வீட்டில் இல்லை. துரியின் கதவோரம் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதை எடுக்கும் சத்தம் கேட்டு துரி கதவைத் திறந்தார்.

"வியாழக்கிழமை காலைல வந்தான்மா. ஜன்னல் வழியாப் பார்த்தேன். கதவத் தட்டக் கைய ஓங்கினான். தொப்பிய சரிபண்ணிக்கிட்டான். மறுபடி ஓங்கினான். அப்புறம் கோலை வச்சுட்டுப் பின்னாலேயே நடந்து போயிட்டான்." துரி கதவை அகலத் தள்ளினார். "நண்டுப்பய. தட்டட்டும், தொறக்கலாம்னு உள்ள உக்காந்திருந்தேன்."

ஆகதா கோலைச் சுவரில் திரும்பச் சாய்த்தாள். திறந்திருந்த அந்தக் கதவை விரல் மடக்கி மூன்று முறை தட்டினாள்.