வாசல் ரிஜிஸ்டரில் அவன் சுத்தம்

கல்லூரியின் போதைத் தடுப்புக் கமிட்டியில் பெற்றோர் பிரதிநிதி என்பது, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே அடுத்தவர் குடியைப் பற்றிப் பேசும் வேலை. மகள் படிக்கிற கல்லூரியாயிற்றே என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் குற்றத்துக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஏதாவது ஒரு கமிட்டியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

ஊது

ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் போய்வரும் ஹாஸ்டல் பையன்கள், கேட்டில் வாட்ச்மேனின் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். அவர் முகர்ந்துவிட்டு ரிஜிஸ்டரில் 'சுத்தம்' அல்லது 'வாடை' என்று எழுதுவார். வாடை என்றால் வீட்டுக்குப் போன் போகும். கமிட்டித் தலைவரான பேராசிரியர் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தவறாமல் கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாடிக்காரனெல்லாம் வாடை, திருநீறு பூசியவனெல்லாம் சுத்தம். "எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்கீங்க?" என்றேன். ரிஜிஸ்டரை மூடிக்கொண்டு சொன்னார்: "யக்கா, எனக்கு மூக்கு அடைச்சு நாலு வருசமாச்சு. மூஞ்சியப் பாத்துத்தான் எழுதுதேன். வெளிய சொல்லிராதீய."

ரகசிய அறை

குடியை விட நினைப்பவர்களுக்கு உதவ ஓர் அறை திறந்தோம். 'போதைக்கு அடிமையானோர் ரகசிய ஆலோசனை மையம்' என்று ஆளுயர போர்டு, அதுவும் கேண்டீனுக்கு எதிரே. இரண்டு மாதம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. போர்டைக் கழற்றி 'ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி' என்று மாட்டினேன். வாசலில் நானே உட்கார்ந்து கான்வென்ட் இங்கிலீஷில் நாலு பேரை மிரட்டினேன். ஆலோசகர் உள்ளேயே இருப்பார் என்பது பழைய போர்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் எதற்கு வருகிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் ராயகிரிப் பையன் மாரிச்செல்வம் வந்தான். கடைசி வருடம், பால் வடியும் முகம். இங்கிலீஷுக்குத்தான் வந்திருக்கிறான் என்று டென்ஸில் ஆரம்பித்தேன். தலையைக் குனிந்துகொண்டான்: "மேடம், எனக்கு இங்கிலீஷ் வரும். குடியத்தான் விட முடியல."

விதி

ரகசிய அறைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மாதாமாதம் கமிட்டிக்கு வரவேண்டும். எங்கள் ரகசியத்தின் லட்சணம் அது. பட்டியலைப் பார்த்ததும் தலைவர் விதியைப் புரட்டினார். குடிப்பவனுக்கு ஹாஸ்டலில் இடமில்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்; ஊருக்கு அனுப்பினால் படிப்பும் போகும், குடியும் நிற்காது. "பிடிபட்டவனுக்கும் தானா வந்தவனுக்கும் ஒரே தண்டனையா?" என்றேன். விதியில் அதற்கு இடமில்லையாம்.

வாசல் ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னேன். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் மாரிச்செல்வம்: சுத்தம், சுத்தம், சுத்தம். கீழே தலைவரின் கையெழுத்து. "இது பொய்யா, அவன் சொல்றது பொய்யா? நீங்களே சொல்லுங்க சார்." ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "அவன் இங்கிலீஷ் படிக்கத்தான் வாரான்னு மினிட்ஸ்ல எழுதிருவோம் மேடம்."

அந்த வாரமே ஊதுவது நின்றது, பட்டியலும் நின்றது. மாரிச்செல்வம் வாரம் தவறாமல் வருகிறான்; நடுவில் ஒருமுறை சறுக்கியதையும் அவனே வந்து சொன்னான். மூன்று வருடம் குடித்தும் மாட்டாத பையனை, ஒரே ஒருநாள் உண்மை பேசிய குற்றத்திலிருந்து காப்பாற்ற எங்களுக்கு அடைத்துப்போன ஒரு மூக்கு தேவைப்பட்டது.