இடக் கண்ணின் அபிப்பிராயங்கள்

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பினாங்கு வீட்டைக் காலி செய்தபோது, அவளுடைய வீடியோ கேம் பெட்டியும் பதினொரு டிஸ்க்குகளும் செமிலிங் ஊரில் இருக்கும் எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தன. விமானம் ஏறுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனாள்.

“சும்மாதானே இருக்கீங்க, ஆடிப் பாருங்கப்பா. ஒவ்வொண்ணைப் பத்தியும் ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. பிடிக்காததை என் ஃபிரண்டு வந்து எடுத்துக்குவா.”

நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ரெண்டு வரி என்று சொல்லக்கூடாது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு தாள் எடுத்தேன். இடப்பக்கம் ஓரம் விட்டு, மேலே பொருள், அடுத்து கருத்து, கீழே பரிந்துரை, கையொப்பம். இந்த வடிவத்தில் வராத எதையும் முப்பது ஆண்டுகளாக நான் நம்பியதில்லை.

முதல் தாள் பயிர்த்தொழில் ஆட்டம். ‘பூசணி மூன்று நாளில் காய்க்கிறது. நிலம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கோழிகளுக்குப் பெயர் வைக்கலாம். வைத்துக்கொள்க.’

நகரம் கட்டும் ஆட்டம்: ‘ஒரு பொத்தானை அழுத்தினால் சாலை, இன்னொன்றை அழுத்தினால் தண்ணீர்க் குழாய். விண்ணப்பம் இல்லை, ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடு இல்லை. ஊர் ஒரே மாலையில் எழுந்து நிற்கிறது. நான் இத்தனை ஆண்டு எதற்குக் குறுக்கே நின்றேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. வைத்துக்கொள்க. இன்னும் பணியில் இருப்பவர்களிடம் காட்ட வேண்டாம்.’

கால்பந்து: ‘நடுவர் தவறே செய்வதில்லை. நம்பும்படியாக இல்லை. கொடுத்துவிடலாம்.’

செத்தவர்கள் எழுந்து வரும் ஆட்டம்: ‘இறப்புச் சான்றிதழ் பெற்றவர் திரும்பி வந்தால் சொத்து யாருக்கு என்பது விளக்கப்படவில்லை. என் மனைவி பாதியில் எழுந்து போய்விட்டாள். கொடுத்துவிடலாம்.’

தாளில் இப்படி விறைப்பாக எழுதினேனே தவிர, திரைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

என் வலக் கண் பத்து வயதில் போனது. கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் செம்பனை மட்டையின் முள் குத்தியது. அதற்கு மேல் அதில் கதை இல்லை. ஒற்றைக் கண்ணுக்கு உலகம் தட்டை. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறேன். தேநீர் ஊற்றும்போது கேத்தலின் மூக்கைக் குவளையின் விளிம்பில் முட்டக் கொடுத்துத்தான் ஊற்றுவேன். பூப்பந்து ஆடக் கூப்பிட்டவர்கள் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

பள்ளங்களைத் தாண்டி ஓடும் ஓர் ஆட்டத்தை ஆடும்போதுதான் அது உறைத்தது. திரையும் தட்டை. இரண்டு கண் உள்ளவனுக்கும் அந்தப் பள்ளத்தின் அகலம் தெரியாது. நிழலையும் அளவையும் வைத்து அவனும் என்னைப்போலக் கணக்குத்தான் போட வேண்டும். அந்தக் கணக்கில் எனக்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் அனுபவம். வாழ்நாளில் ஒரு பந்தைப் பிடித்தறியாதவன், ஓடுகிற ரயிலின் கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவினேன். தாவி, சரியான இடத்தில் காலை ஊன்றினேன். அன்றைய தாளில் கருத்து என்ற இடத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது: ‘சமநீதி’. பரிந்துரை எழுத மறந்துவிட்டேன். பணிக்காலத்தில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.

முதலிடம் பனிமலை ஏறும் ஆட்டத்துக்கு. ‘மலை முழுதும் தேன் நிறத்தில் அந்தி. சூரியன் மறையப்போகும் நொடியில் உலகம் நின்றுவிட்டதுபோல இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஏறினாலும் அந்த வெளிச்சம் குறைவதில்லை. இதைச் செய்தவர்களின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வைத்துக்கொள்க.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

கடலுக்கடியில் நீந்தும் ஆட்டம் பிடிக்கவில்லை. ‘மெர்போக் ஆற்றைப்போலக் கலங்கல். மீன்கள் எல்லாம் ஒரே பழுப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“எது பழுப்பு?”

“மீன்.”

“ஏங்க, அது நீலம். பக்கத்துல போறது மஞ்சக் கோடு போட்டது. கண்ணாடியைத் தொடைங்க.”

துடைத்தேன். பிறகு தொலைக்காட்சியைக் குற்றம் சொன்னேன், கேபிளைக் குற்றம் சொன்னேன். அந்த மாதங்களில் எங்கள் வாசலுக்கு எதிரே நிற்கும் ஜெராய் மலை தெரியாமல் போனதற்குப் புகைமூட்டத்தைப் பொறுப்பாக்கியிருந்தேன். ஊரில் யாரும் இருமவில்லை என்பதை நான் கவனத்தில் கொள்ளவில்லை.

பனிமலையில் பாதி ஏறியதும் ஒரு பெரிய பிளவு வந்தது. எதிரே வெறும் வானம். நான்கு நாள் அங்கே நின்றேன், நான்கு நாளும் விழுந்தேன். ஐந்தாம் நாள் அந்த ஆட்டத்தைத் தயாரித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைந்தேன்: பாலம் இருக்க வேண்டிய இடத்தில் பாலம் அமைக்கப்படவில்லை, பொறுப்பானவர் விளக்கம் தருக, நகல் மகளுக்கு. அனுப்புவதற்கு முன் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

“பாலம் இருக்குதே.”

“எங்க?”

“அங்கதான் லா. கயித்துப் பாலம். உங்க மூக்குக்கு நேரா.”

“வானம்தான் இருக்கு.”

கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். திரையில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்தாள். “இந்தா கயிறு. இந்தா பலகை. ஒவ்வொரு பலகையா எண்ணலாம்.”

எனக்கு விரல் மட்டும்தான் தெரிந்தது. விரலுக்குப் பின்னாலேயே நடந்தேன். விழவில்லை. அக்கரை சேர்ந்ததும் கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

“நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்,” என்றாள்.

சுங்கை பட்டாணி மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். முற்றிய கண்புரை என்றார். அறுவை சின்னதுதான், சிக்கல் வருவது அரிது, வந்தால் பார்வை போகக்கூடும். “மற்றவர்களுக்கு இன்னொரு கண் இருக்கிறது, அங்கிள்,” என்று மலாயில் சொல்லி நிறுத்தினார். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஓராண்டில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடைமுறைகளைத் தொடங்கினேன். மருத்துவமனைச் செலவுக்கு ஓய்வூதியருக்கான உறுதிக் கடிதம் வேண்டும். அதற்குக் கடைசிச் சம்பள விவரத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். போராங் என்று இங்கே சொல்லும் விண்ணப்பப் படிவம் புதியதா பழையதா என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது, அதில் ஒரு பத்தி தெளிவாக இல்லை என்று மீண்டும் எழுதினேன். நடைமுறை தெரிந்தவன் பயந்தால் அது பயம்போலத் தெரியாது, கடிதப் போக்குவரத்துபோலத் தெரியும். இரண்டு மாதம் போனது. கீழே இறங்கும் படிகளில் மனைவி என் முழங்கையைப் பிடிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் மூன்றாவது கடிதத்துக்கு உறை தேடிக்கொண்டிருந்தேன்.

“முப்பது வருசமா ஊரார் ஃபைலை மேசையில ஊறப் போட்டீங்க,” என்றாள். “இப்ப சொந்த ஃபைலையே ஊறப் போடுறீங்க.”

“விதி அப்படி.”

“விதியும் இல்ல, போராங்கும் இல்ல. பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. எனக்கும்தான் பயமா இருக்குது.”

சொன்னேன். சொல்லி முடித்ததும் உறை தேவைப்படவில்லை.

அறுவை நாளன்று ஒப்புதல் படிவத்தை நர்ஸ் நீட்டியபோது எழுத்துகள் கரைந்து ஓடின. மனைவி வாசிக்கத் தொடங்கினாள். பார்வை இழப்பு என்ற இடத்தில் அவள் குரல் தடுக்கியது. போதும் என்று வாங்கிக் கையொப்பமிட்டேன். என் வாழ்நாளில் முழுக்கப் படிக்காமல் கையொப்பமிட்ட ஒரே படிவம் அதுதான்.

அறுவை மேசையில் படுத்திருந்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன். கண்ணைச் சுற்றி மரத்துப்போகச் செய்திருந்தார்கள், ஆனால் பார்வை சட்டென்று போய்விடவில்லை. முதலில் மூன்று விளக்குகள். பிறகு அவை உருகி ஒன்றாகி, ஊதாவாகி, இளஞ்சிவப்பாகி, நீர்வளையம்போல விரிந்தன. அந்த வட்டத்துக்குள் ஏதோ உடைந்து உறிஞ்சப்பட்டது. அதுவரை ஆடிய எந்த டிஸ்க்கிலும் அப்படி ஒரு காட்சி இல்லை. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மனைவி நம்புவதில்லை.

பிறகு கட்டுப் போட்டார்கள். மற்றவர்கள் கட்டோடு இன்னொரு கண்ணால் பார்த்து நடந்து போனார்கள். எனக்கு மறுநாள் காலைவரை ஒன்றும் இல்லை. வீட்டில் சோபாவில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். உச்சியா சாயங்காலமா என்பதுகூடத் தெரியவில்லை. திடீரென்று ஹாலில் கோழிகள் கொக்கரித்தன.

“என்ன சத்தம்?”

“உங்க கோழிங்கதான்,” என்றாள் மனைவி. “தீனி போட யாரும் இல்ல. எந்தப் பொத்தான்?”

“வலப்பக்கம், கீழ.”

“தண்ணி ஊத்துது.”

“அது இடப்பக்கம்.”

அவள் அதுவரை கண்ட்ரோலரைத் தொட்டதில்லை. கோழிகளை எல்லாம் நனைத்துவிட்டு, பூசணிக் கொடியை வெட்டிவிட்டு, எங்கோ ஒரு வேலிக்குள் மாட்டிக்கொண்டு, நடப்பதை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவே இல்லை. அவள் நிறுத்தினால் எனக்கு இருட்டு மட்டும் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். முதலில் வெள்ளை. இத்தனை வெள்ளை இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். அடுத்து டாக்டரின் முக்காடு, கத்தரிப்பூ நிறம். அதற்குப் பின்னால் மனைவி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

“தெரியுதா?” என்றாள்.

“உன் தலைமுடி…”

“வெள்ளை. மூணு வருசமா வெள்ளை. தெரியுதா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

தெரிகிறது என்றேன். அவள் சுவரில் சாய்ந்து, பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தாள்.

வீட்டில் தாள்களை எடுத்துத் திருத்தங்களைத் தொடங்கினேன். பதிவேட்டில் அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். கடலடி ஆட்டத்தை மீண்டும் போட்டபோது முதல் மீனிலேயே கோடு இழுத்துவிட்டேன். நீலம் மட்டும் அங்கே இருபது விதம். பவளங்களுக்கு இடையில் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் மிதந்தேன். ‘முந்தைய கருத்து முற்றிலும் தவறு. மன்னிப்புக் கோரப்படுகிறது’ என்று எழுதினேன். கருத்துரையில் மன்னிப்புக் கேட்க விதியில் இடமில்லை.

பனிமலையில்தான் இடறினேன். தேன் நிறம் இல்லை, அந்தி இல்லை. அது நடுப்பகல், பனி பனியாகவே இருந்தது, கூசும் வெள்ளை. கயிற்றுப் பாலத்தில் ஒவ்வொரு பலகையும் ஆடியது. அழகுதான். ஆனால் நான் இரண்டு கோடு போட்ட மலை அதுவல்ல. அந்த மலையைக் கண்புரை செய்திருந்தது. வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு, கோடு இழுக்காமல் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அன்று இருந்த சான்றுகளின்படி மேற்கண்ட கருத்து சரியானதே.’

தாள்களைப் பார்த்துவிட்டு மகள் கூப்பிட்டாள். “அப்பா, எல்லாத்துலயும் வைத்துக்கொள்கன்னு மாத்தியிருக்கீங்க. அப்ப என் ஃபிரண்டுக்கு?”

“கால்பந்து இருக்கு,” என்றேன்.

நான் தொடாத பதினோராவது டிஸ்க்கை அந்த வாரம்தான் போட்டேன். மழை பெய்யும் ஊரில் யாரையோ தேடி அலையும் ஆட்டம். யாரைத் தேடுகிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. காரின் கண்ணாடியில் ஒரு துளி விழுந்து, நின்று, இன்னொரு துளியைத் தொட்டதும் கனத்து, வளைந்து ஓடியது. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு தெருவிளக்கு தலைகீழாக இருந்தது. யாரோ உட்கார்ந்து இதை நினைத்து நினைத்துச் செய்திருக்கிறார்கள். அல்லது மிகைப்படுத்தியிருக்கிறார்கள். சரிபார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெளியே நாலு மணி மழை பிடித்திருந்தது. கண்ட்ரோலரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து கூரை விளிம்புக்குக் கீழே போய் நின்றேன். கம்பிவேலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி தொங்கியது. அண்ணாந்து பார்த்தால் மழை கோடாக இல்லை. தனித்தனியாக வந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்று, பெரிதாகிக்கொண்டே.

“என்னங்க!” கையில் சொட்டு மருந்துக் குப்பியோடு மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். “ஒரு மாசம் கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க இல்ல? இருக்கிறது ஒண்ணு!”

அவள் சொன்னது சரி. ஓர் அடி பின்வாங்கினேன். போதாது என்றாள். இன்னோர் அடி வைத்தேன். அங்கிருந்தும் தெரிந்தது.