பெருநாள் சட்டையில் இரண்டு கைப்பிடி ஈயம்

என் தங்கைக்கென்று வந்த மாவை நான் திருடித் தின்றேன். இதை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். எழுதிய பிறகுதான் தெரிகிறது, நான் சொல்லவேண்டியதில் இது சின்னப் பங்கு.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு இரண்டரை. நிலாவெளியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. பாணுக்கு விடியுமுன்னே பேக்கரி வாசலில் வரிசையில் நின்று, வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கு அவித்த வருடங்கள் அவை. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. மெலிந்த பிள்ளைகளுக்காக வெளிநாடுகள் அனுப்பிய தானியமும் அந்தக் கப்பல்களில்தான் வந்தது என்பார்கள். அப்பா முதுகில் மூட்டையாகச் சுமந்தது எங்கேயோ போய் அரைபட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பைக்கற்றாக வந்து சேர்ந்தது.

மாதத்தில் ஒருநாள் மாதா கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை நிறுப்பார்கள். மருத்துவமாதுவை ஊரே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். கூரை வளையில் ஒரு தூக்குத் தராசு தொங்கும். அதன் கொளுக்கியில், கால் விடுவதற்கு இரண்டு ஓட்டை வைத்த ஒரு துணிப்பை. உடுப்பைக் கழற்றிப் பிள்ளையை அதற்குள் இறக்கி, முள் நின்ற இடத்தை மிஸ்ஸி அட்டையில் புள்ளியாக வைப்பார். அட்டையில் ஒரு கோடு இருந்தது. புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்த பிள்ளைக்கு மட்டுந்தான் மா. இந்த ஒழுங்கு எனக்குத் தெரியாது. நிறுக்கப் போகிற பிள்ளைக்கெல்லாம் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த மாவுக்கு வறுத்த சோளத்தின் மணம். அம்மா சுடுநீரில் குழைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து, உருண்டை பிடித்துத் தங்கைக்குத் தீத்துவார். நான் அந்தளவு பாடுபடவில்லை. குசினி அலுமாரியில் இருந்த தகரத்தைத் திறந்து அகப்பையால் அள்ளி அப்படியே வாயில் போட்டேன். மா அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் வாய் நிறைய அடைத்திருந்த நேரம் பார்த்து அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். வாய் திறக்க ஏலாமல் "உம்" என்றேன். மூக்கு வழியாக மா புகைபோல வந்தது. தும்மி முடித்து, அலுமாரிக் கதவைத் துடைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். எடுத்ததற்குப் பிறகு தகரத்தைக் குலுக்கிவிட்டால் மா பொங்கி, பழைய மட்டத்துக்கு வந்ததுபோல இருக்கும் என்பதையும் கண்டுபிடித்திருந்தேன்.

மூன்றாம் மாதம் மிஸ்ஸி அட்டையை நிமிர்த்திப் பிடித்து அம்மாவிடம் கேட்டார்.

"மூண்டு மாதமா மா குடுக்கிறன். பிள்ளை கால் இறாத்தல் ஏறேல்ல. உண்மையச் சொல்லு, வீட்டில ஆர் திண்ணுறது?"

"பிள்ளைக்குத்தான் மிஸ்ஸி தீத்துறன்."

"வாற மாதமும் முள்ளு அசையாட்டி நான் வீட்ட வருவன். அலுமாரி, தகரம் எல்லாம் திறந்து பாப்பன்."

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் என் வாயில் ஒட்டியிருந்த மா அவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக் கையால் மூடிக்கொண்டேன். மா ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மாவைத் தின்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முள்ளை அசைக்க வழி தேடினேன். அந்த வழி சின்ன மாமாவிடம் இருந்தது.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்து கரைவலைக்குப் போனார். அவருடைய பங்குக்குப் பெரிய பாரை மீன் கிடைத்தால், வியாபாரி தராசோடு வருமுன், அதன் வாய்க்குள் ஈரமணலைக் கைவிரலால் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"நிறைதான், மருமகன், விலை. தராசுக்குக் கண்ணிருக்கே? உள்ளுக்க என்ன கிடக்கெண்டு அது கேக்காது."

வியாபாரி ஒன்றும் குழந்தையல்ல. மீனைத் தூக்கிப் பார்த்து, "உன்ர மீன் மட்டும் மணல் திண்டு வளருதடா" என்று சொல்லி விலையைக் குறைத்துத்தான் கொடுப்பார். அந்தப் பகுதியை நான் கவனிக்கவில்லை. தராசு உள்ளுக்குள் பார்க்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நிறுக்கும் நாளில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. படமும் எடுப்பார்களாம். பிள்ளைகளை நல்ல உடுப்போடு கொண்டுவரச் சொல்லி மிஸ்ஸி வீடுவீடாக அறிவித்தார். அம்மா தங்கையின் பெருநாள் சட்டையை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டார். கீழே நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்த சட்டை. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று வைத்த மடிப்பு. நிறுக்கும் நாள் காலையில் அம்மா தங்கையைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கொண்டுபோன நேரம், மடிப்பை ஓரிடத்தில் பிரித்தேன். மாமாவின் வீச்சுவலைப் பெட்டியிலிருந்து வலை ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டு இரண்டு கைப்பிடி எடுத்து, சுற்றிவரப் பரவலாகத் தள்ளி, திரும்பத் தைத்தேன். கிழிந்த வலை பொத்தப் பழகிய கை. வேலை சுத்தமாக இருந்தது. தங்கை குளித்து வந்ததும் சட்டையை நானே போட்டுவிட்டேன்.

தங்கை அன்று ஆமைபோல நடந்தாள். "வெக்கப்படுது பிள்ளை" என்று சொல்லி அம்மா தூக்கிக்கொண்டார். போகும் வழியெல்லாம் இடுப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு வெள்ளைக்காரியும் கதிரைகளில் இருந்தார்கள். பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் அவர்களுடைய பேச்சைத் தமிழில் சொன்னார்.

"இவையின்ர நாடும் இன்னும் கனக்க நாடுகளும் சேர்ந்து வாக்குக் குடுத்திருக்கினம். இனி உலகத்தில ஒரு பிள்ளையும் பசியோட படுக்கப்படாது."

எங்கள் பக்கத்து வீட்டு மாமி கொட்டாவி விட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "வாக்கு நல்ல வாக்குத்தான். வாற மாதம் மா வருமோ எண்டு கேளன்."

படம் எடுப்பதால் அன்றைக்கு ஒரு பிள்ளைக்கும் உடுப்புக் கழற்றவில்லை. தங்கையைத் தொங்கவிட்டபோது சட்டை விளிம்பு சுழன்று வெள்ளைக்காரியின் முழங்காலில் 'டொக்' என்று பட்டது. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். நான் செத்துப் பிழைத்தேன். மிஸ்ஸி முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். புள்ளி கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. வெள்ளைக்காரர் கைதட்டினார். தங்கையை அட்டையோடு நிறுத்தி மூன்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் தங்கள் ஊரில் இன்னும் உதவி கேட்கப் போகிறார்கள் என்று பட்டினத்துக்காரர் சொன்னார். நான் கைகட்டிப் பெருமையாக நின்றேன்.

கார் புறப்பட்ட பிறகு மா கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது மிஸ்ஸி சந்தோஷமாகச் சொன்னார்: "இனி உன்ர பிள்ளைக்கு மா தேவையில்லை. கோட்டுக்கு மேல போயிட்டாள். இதை வேற மெலிஞ்ச பிள்ளைக்குக் குடுப்பம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவின் கரையில் நிறை ஏறினால் கையில் கிடைக்கும். இங்கே நிறை ஏறினால் கையில் இருப்பதும் போகிறது. இப்படி ஒரு தராசை நான் கண்டதில்லை.

பின்னேரம் சட்டையைக் கழற்றிக் கையில் தூக்கிய அம்மா அப்படியே நின்றார். விளிம்பைத் தடவினார். பிரித்தார். ஈயம் பாயில் கொட்டியது. மாமா பயந்துபோனார்.

"அக்கா, மாதாவாண நானில்ல. நான் மீனோட மட்டுந்தான்."

அம்மா நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்ர முடிச்சில்ல எண்டு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஈயத்தை முந்தானையில் முடிந்து, தங்கையை இடுப்பில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு மிஸ்ஸியின் விடுதிக்குப் போனார். அங்கே ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினார்.

"இது பிள்ளையின்ர சட்டைக்க இருந்தது மிஸ்ஸி. நான்தான் வச்சனான்."

"ஏன்?"

"படத்தில பிள்ளை நல்லா விழவேணுமெண்டு."

பெண்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "அப்ப மூண்டு மாத மா? அது எங்க போனது?"

அம்மா தங்கையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுவும் நான்தான் திண்டனான்."

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ்ஸி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பார்வை வயிற்றில் நின்றது.

"எத்தனை மாதம்?"

"நாலு."

"மூடிக்கொண்டு திரிஞ்சனியோ? வயித்தில பிள்ளை இருந்தா உனக்கும் ஒரு பைக்கற்று உண்டு. களவெடுத்துத் திண்ணத் தேவையில்லை." ஏசிக்கொண்டே அம்மாவுக்கும் ஒரு அட்டை எழுதினார். தங்கையை உடுப்பில்லாமல் நிறுத்து, புள்ளியைப் பழையபடி கீழே இறக்கினார். பிறகு ஈயத்தைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளைக்காரர் படத்தோட போயிட்டினம். அங்க போன ஈயத்தை இனி ஆர் கழட்டுறது?"

அதற்கு அம்மாவும் சிரித்துவிட்டார்.

இரண்டு பைக்கற்றோடு வீடு திரும்பினோம். நான் முன்னால் துள்ளிக்கொண்டு போனேன். ஊருக்குள் அம்மாவுக்கு 'ஈயக்காரி' என்று பெயர் விழுந்தது. கிணற்றடியில், கோயிலில், கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னோடு படித்த பொடியன்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயம் இல்லாமலே எந்தத் தராசையும் கலங்கவைக்கும் உடம்பு. வீட்டில் நன்மை தின்மைக்கு எல்லோரும் கூடினால் இந்தக் கதையை அவள்தான் சொல்லுவாள். "அம்மா படத்துக்கு ஆசைப்பட்ட மனுசி" என்று முடிப்பாள். அம்மா உயிரோடு இருந்தவரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தார், ஒருநாளும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. வானொலியில் பெரிய நாடுகள் கூடிப் பசியை ஒழிக்க வாக்குக் கொடுக்கும் செய்தி வரும்போதெல்லாம், எங்கள் மாமாவின் ஈயத்தைப் பார்த்து எத்தனை பேர் கைதட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும். வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

விடுதியிலிருந்து வந்த அன்று மத்தியானம் அம்மா இரண்டு பைக்கற்றையும் பிரித்தார். தங்கையின் மாவில் ஓர் உருண்டை பிடித்து அவளுக்குக் கொடுத்தார். பிறகு தன்னுடைய மாவைக் குழைத்தார். தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போட்டு, பெரிதாக ஓர் உருண்டை பிடித்து, என்னைக் கூப்பிட்டு என் கையில் வைத்தார். வாயில் ஒட்டாமல் மா தின்றது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு, அம்மா?"

"எனக்கு அந்த மணம் பிடிக்காது மகன். வயித்தைப் பிரட்டும். நீ தின்."

மூன்று மாதம் அந்த மாவைத் தின்றதாக அன்று காலைதான் ஏழெட்டுப் பேருக்கு முன்னால் சொன்னவருக்கு, அதன் மணம் பிடிக்காது என்பதை நான் அப்படியே நம்பினேன். நம்பிவிட்டு, நாளைக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். ஓம் என்றார்.