பயம்னா மடி, கோவம்னா சேறு

உங்க வீட்டுல ரெண்டரை வயசு ஒண்ணு தரையில புரண்டு, காலை உதைச்சு, ஊரைக் கூட்டியிருக்கா? அப்ப வாங்க, நீங்க நம்ம கட்சி! நான் பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துப் பால்வாடி டீச்சர். சோறு ஊட்டுறது, பாட்டுச் சொல்றதெல்லாம் சுலபம். உள்ளுக்குள்ள வர்றது கோவமா, பயமா, வருத்தமான்னு அதுங்களுக்கே தெரியாது பாருங்க, அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் எங்க தொழில்.

வயித்து வலி

கயல்னு ஒரு வாண்டு. அவ அம்மா நடவு வேலைக்குக் கிளம்பத் திரும்பினாப் போதும், "வயித்த வலிக்குது"ன்னு சுருண்டுக்குவா. "எங்கடி வலிக்குது, காட்டு"ன்னேன். கையை நெஞ்சுல வெச்சா! "இது வலி இல்லடி தங்கம், அம்மா போறாங்கன்னு வருத்தம்"னு சொல்லித் தினமும் மடியில வெச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் காலையில வாசல்லயே நின்னு, "அம்மா, எனக்கு வருத்தமா இருக்கு. சீக்கிரம் வா"ன்னு சொல்லிட்டு, உள்ளே போய்ப் பொம்மையை எடுத்துக்கிட்டா. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு! அவ அம்மா வாயில கை வெச்சுக்கிட்டாங்க: "அடப்பாவமே டீச்சர், இதுக்கா நான் பாட்டில் பாட்டிலா ஓமவாட்டர் குடுத்தேன்!"

நாற்றங்கால்

அடுத்தது சொந்தச் சரக்கு. என் மகன் கவினும் என் பால்வாடிதான். கோவம் வந்தா பக்கத்துல இருக்கிற பிள்ளையைக் கடிச்சிடுவான். டீச்சர் மகனே கடிச்சா நான் யார் முகத்துல முழிக்கிறது? என் வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர், முன்கோபி. "கோவத்துக்கெல்லாம் ஒரு பாடமா? முதுகுல ஒண்ணு வெச்சா அடங்கிடும்"பார். அந்தக் கை இறங்குறதுக்குள்ள நான் ஏதாவது செஞ்சாகணும்.

ரெண்டே சட்டம் போட்டேன். பயம்னா மடி, கோவம்னா சேறு. பயந்த ஆளு ஓடி வந்து என் மடியில உக்காரலாம், கோவம் வந்த ஆளு குழாயடிச் சேத்துல போய் ஆசை தீர மிதிக்கலாம். நம்பினா நம்புங்க, கடிக்கிறது நின்னே போச்சு!

அப்புறம் ஒரு நாள் வீட்டுல, பிஸ்கட் கிடையாதுன்னேன். முறைச்சான், எடுத்தான் ஓட்டம். அவன் சேறுன்னு கண்டுபிடிச்ச இடம், பக்கத்து வீட்டுப் பெரியப்பா அன்னைக்குத்தான் விதை விட்ட நாற்றங்கால்! நான் போறதுக்குள்ள ஒரு மூலையையே துவைச்சிருந்தான். பெரியப்பா வரப்புல நின்னு கத்தினார்: "நேத்து இதே சேத்துல உரத்துக்குத் தழை மிதிக்க ஆளு கிடைக்காம ஊரெல்லாம் அலைஞ்சேன், அப்ப எங்கடா போச்சு உன் கோவம்?"

ரோட்டுல நெல்லு

குறுவை அறுத்து, ரோட்டுல காயப் போட்டிருந்தோம். மத்தியானம் திடீர்னு மழை. தார்ப்பாயை இழுத்து மூடுறதுக்குள்ள பாதி நெல்லு நனைஞ்சு போச்சு. வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். முகமே சரியில்லை. இது தெரியாம கவின் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கிட்டான். உதறிவிட்டுக் கையை ஓங்கிட்டார்.

நான் குறுக்கே பாயறதுக்குள்ள, பையன் அண்ணாந்து பார்த்து, பால்வாடியில நான் கேக்குற அதே குரல்ல கேட்டான்: "அப்பா, கோவமா? பயமா?"

ஓங்கின கை அந்தரத்துலயே நின்னுது. வெளியே மழை இன்னும் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. மெதுவா சுவத்துல சாய்ஞ்சு உக்கார்ந்தார். "நெல்லு முளைச்சுக்கிட்டா என்னடா பண்ணுவேன்? பயம்தாண்டா"ன்னார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வார்த்தையை அவர் வாயால நான் கேட்டதே இல்லைங்க!

பிள்ளைங்களுக்குச் சட்டம் போடுறவங்க யோசிச்சுப் போடுங்க, அது எழுபது கிலோ ஆளுக்கும் செல்லும்னு என் மகன் அங்கேயே தீர்ப்புச் சொல்லிட்டான்: "அம்மா, காலை நீட்டும்மா, அப்பா உக்காரணும்!"